சத்தம் போடாத அடுப்பு

மலைமேல் நின்ற ஒரு வேனின் பக்கத்தில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக் கூடாரமாக்கியிருந்தார்கள். அதற்குள் ஒரு கோழி தன் குஞ்சுகளோடு ஒண்டியிருந்தது. சாயங்காலமே குளிர் கடித்தது. கடைசிக் குஞ்சுக்கு நடுக்கம் நிற்கவே இல்லை. சூடு கிடைக்காவிட்டால் அது பிழைக்காது என்று கோழிக்குத் தெரியும்.

வெளியே ஒரு ஹீட்டரும் கரி அடுப்பும் இருந்தன.

"நான் வர்றேன். ஆனா கர்ருன்னு கத்துவேன்" என்றது ஹீட்டர்.

"ஐயோ, வேணாம்பா. பிள்ளைங்க தூங்கணும்."

கோழி அடுப்பைப் பார்த்தது. புகை அடங்கி, கரி செக்கச்செவேலென்று இருந்தது.

"நீ வா. புகைதான் போயிடுச்சே, இனி என்ன பயம்?"

"புகை போனாலும் நான் காத்தைத் தின்னுக்கிட்டேதான் இருப்பேன் அக்கா. ஓரத்துல கொஞ்சம் திறந்து வை" என்றது அடுப்பு.

"திறந்தா இவனுக்குக் குளிருமே!"

கோழி தார்ப்பாயிடம் கெஞ்சியது. "நல்லா மூடிக்கோ தம்பி."

"அத எங்கிட்ட விடு" என்று தார்ப்பாய் தரையோடு ஒட்டிக்கொண்டது.

உள்ளே வந்த அடுப்பின் சூட்டில் கூடாரம் கதகதப்பானது. கடைசிக் குஞ்சின் நடுக்கம் நின்றது. கோழிக்கும் கண் சொருகியது.

விடிந்ததும் தார்ப்பாய் பெருமையாகக் கேட்டது. "பாத்தியா அக்கா, ஒரு பொட்டுக் காத்தாவது உள்ள விட்டேனா?"

உள்ளேயிருந்து ஒரு கீச்சுச் சத்தம்கூட வரவில்லை.