செத்தவன் குடித்த காபி

“நன்னா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயை மூடிக்கோ. உன் அரிச்சந்திரத்தனத்தையெல்லாம் அங்க அவுத்து விடாதே!”

ராமச்சந்திராபுரம் குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் அத்திம்பேர் வேணுகோபால் விடவில்லை.

“ஹவ், ஹவ்” என்று உருதுவில் ஆமாம் போட்டுத் தலையாட்டினான் சந்திரமோகன். பதற்றம் வந்தால் அவனுக்குத் தமிழ் பின்வாங்கிவிடும். மௌலா அலி ரயில்வே காலனியில் வளர்ந்து, தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. தமிழை அம்மாவிடம் கற்றுக்கொண்டதோடு சரி. இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான்.

ஜாதகம் பொருந்தியாயிற்று. பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டாயிற்று. ஜலஜாவை அவனுக்குப் பிடித்துப்போய், ராத்தூக்கமும் போயிற்று. பாக்கி இருந்தது ஒரே ஒரு முட்டுக்கட்டை. அவள் அப்பா நாராயணஸ்வாமி.

அவர் அந்த டவுன்ஷிப் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். “ரசனை இல்லாத ஜன்மத்துக்கு என் பொண்ணு கிடையாது” என்பது அவர் கட்சி. அதனால் போன தடவை கிளம்பும்போது, “ஒரு நாவல் தரேன். படிச்சுட்டு வந்து அபிப்பிராயம் சொல்லுங்கோ” என்றுவிட்டார். உள்ளே போய் அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தவள் ஜலஜாதான். பாவி, சிரிக்கக்கூட இல்லை.

இப்போது கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஜலஜா சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். நாராயணஸ்வாமி முதலில் சினிமாவில் தொடங்கினார்.

“சிகந்திராபாத்துல ஞாயித்துக்கிழமை காலம்பற தமிழ்ப் படம் போட்டாளே, போனேளோ?”

“போனேன் சார்.”

“எப்படி?”

“இடைவேளை வரைக்கும் நன்னா இருந்தது. அப்புறம் தூங்கிட்டேன்.”

வேணுகோபால் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தார்.

“போகட்டும்” என்றார் நாராயணஸ்வாமி, முகத்தைச் சுளித்தபடி. “நாவல் என்னாச்சு? படிச்சேளா?”

“படிச்சேன் சார். ரெண்டு தடவை.”

“பேஷ்! எப்படி இருக்கு?”

நன்னா இருக்கு. ரெண்டே வார்த்தை. சந்திரமோகனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஜலஜாவைப் பார்த்தான். அவள் கண் கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளிடம் பொய் சொல்லிக் குடித்தனம் ஆரம்பிக்கணுமா என்று தோன்றிவிட்டது. கெட்டது குடி.

“எனக்குப் பிடிக்கலை சார். ஒண்ணுமே புரியலை.”

“என்ன புரியலை?”

“முதல் அத்தியாயத்துலேயே கதாநாயகன் செத்துப்போயிடறான். ஊரே அழறது. அடுத்த அத்தியாயத்துல அதே ஆசாமி ஜம்முனு உட்கார்ந்து காபி குடிக்கறான்! சர்க்கரை போறலைன்னு சண்டை வேற. காலேஜுக்குப் போன பிள்ளை, கொஞ்ச நாழி கழிச்சுத் தொட்டில்ல கிடக்கறது. அது போகட்டும், கடைசிப் பக்கத்துல அந்தப் பொண்ணு புருஷனைப் பார்த்து, ‘உங்க பேரென்ன?’ன்னு கேக்கறா. பிள்ளை பெத்தவளுக்குப் புருஷன் பேர் தெரியாதா சார்? என் தமிழ்தான் அரைகுறையோ என்னவோ. ஆனா ரெண்டு தடவை படிச்சும் தலையும் புரியலை, வாலும் புரியலை.”

வேணுகோபால் கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தம் கை நழுவிவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

நாராயணஸ்வாமிக்கு மூக்கு சிவந்தது.

“அதுக்குப் பேர் உத்தி, ஐயா, உத்தி! வாழ்க்கையை மரணத்திலேர்ந்து திரும்பிப் பார்க்கற உத்தி! போன மாசம் சங்கத்துல இதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினேன். அத்தனை பேரும் மெய்மறந்து கேட்டா. இதுக்கு முன்னாடி பொண்ணு பார்க்க வந்தானே, பெங்களூர்ப் பையன், ‘இந்த மாதிரி உத்தி தமிழுக்கே புதுசு’ன்னு சொல்லிச் சொல்லி உருகினான். அவனைப் போய் இவ நக்கோ, வேண்டாம்னுட்டா!”

“எனக்கு உத்தியெல்லாம் தெரியாது சார். தெரிஞ்ச மாதிரி சொல்லவும் வரலை.”

“அப்போ எழுந்திருங்கோ. இந்தப் பேச்சு இதோட முடிஞ்சது.”

சந்திரமோகன் எழுந்தான். கௌரவமாகவாவது போகலாம் என்று புத்தகத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாகக் கையைக் கூப்பினான். வேணுகோபால் அதற்குள் வாசலுக்கே போய்விட்டார்.

“இருங்கோ” என்றாள் ஜலஜா.

அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். நேராக அப்பா முன்னால் வந்து நின்றாள்.

“எனக்கு இவரைத்தான் பிடிச்சிருக்குப்பா.”

“உனக்கென்ன பைத்தியமாடி? இந்த உத்தி புரியாத மனுஷனையா?”

“உத்தியாவது ஒண்ணாவது! இந்தத் தொடர்கதையை வாரா வாரம் பத்திரிகையிலேர்ந்து கிழிச்சு, படம், அத்தியாய நம்பர் எல்லாத்தையும் நறுக்கி எறிஞ்சுட்டு, சார்மினார் பக்கத்துல பைண்டிங்குக்குக் கொடுத்தவ நான்தான். அந்த மனுஷர் ஆயுசு பூரா வலப்பக்கத்துலேர்ந்து திறக்கற உருதுப் புத்தகம் தைச்சுப் பழகினவர். அதே பழக்கத்துல கடைசி அத்தியாயத்தை மேலே வெச்சு, முதல் அத்தியாயத்தை அடியில வெச்சுத் தைச்சுக் கொடுத்துட்டாருப்பா!”