ஷூவில் இல்லாத கல்

நாலாவது முறையாகப் பாதையோரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி உதறினார் டிரில் மாஸ்டர்.

"கல்லு மாட்டிக்கிச்சு சம்பந்தி. நீங்களும் ஒரு நிமிஷம் உட்காருங்க."

ஷூவிலிருந்து ஒன்றும் விழவில்லை.

முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஓடவிட்டு விசில் ஊதிய மனிதர் இப்படி உட்கார்ந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் இருவரையும் தாண்டிப் போனாள். குழந்தை திரும்பிப் பார்த்து டாட்டா காட்டியது.

இத்தனைக்கும் இந்த ஏழு நாள் நடைப்பயணத்தில் முதல் மூன்று நாளும் சம்பந்திகள் நடக்கவில்லை, பறந்தார்கள். பையனைப் பெற்ற டிரில் மாஸ்டர் ஓரடி முந்தினால், பெண்ணைப் பெற்ற கடிகாரக் கடைக்காரர் ஈரடி முந்துவார். மேய்ச்சல் நிலத்து ஆடுகள் சத்தம் கேட்டுத் தலை நிமிர்வதற்குள் இருவரும் அடுத்த மாவட்டத்தில் இருந்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிய போட்டோவில் இரண்டு முகமும் வெந்த பீட்ரூட்.

அன்று சாயங்காலம்தான் மருமகள் டிரில் மாஸ்டரைத் தனியாகப் போனில் பிடித்தாள். அப்பாவுக்கு இருதயம் பலவீனம், வேகமாக நடந்தால் ஆபத்தாம். ஆனால் உங்களுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியவே கூடாது, ரோஷக்காரர் என்றாள்.

டிரில் மாஸ்டருக்குத் தூக்கம் போயிற்று. பெண் கொடுத்த சம்பந்தியிடம் போய், "உங்களுக்கு நெஞ்சு சரியில்லையாமே?" என்று கேட்க முடியுமா? வழியில் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பது?

அதனால்தான் இல்லாத கல்லை உதறிக்கொண்டிருந்தார்.

கடிகாரக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. இவர் கல் தீர்ந்தால் அவர் குருவி பார்க்க உட்கார்ந்துவிடுவார். ஒரு பண்ணையில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி, இவர்கள் வேலியைத் தாண்டி முடிப்பதற்குள் குஞ்சுகளோடு வழியனுப்ப வந்துவிட்டது. நம்பாதவர்கள் கோழியைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஏழாம் நாள், கடைசி இரண்டு கிலோமீட்டர் மேடு. பாதி மேட்டில் கடிகாரக்காரர் நின்றார். நெஞ்சில் கை வைத்தார்.

"மூச்சு வாங்குது சம்பந்தி. கொஞ்சம் உட்காரலாம்."

டிரில் மாஸ்டர் அவசரமாகப் போனை எடுத்தார். சிக்னல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஆடுதான், ஆள் இல்லை. தண்ணீர் கொடுத்தார், தொப்பியால் விசிறினார். பிறகு அவர் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டப்போனார்.

கடிகாரக்காரர் பதறிப்போய்த் திருப்பி இழுத்தார். இவர் விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் ஆளுக்கொரு வாரைப் பிடித்து, பையைக் கைக்குழந்தை மாதிரி நடுவில் தொங்கவிட்டு, பத்தடிக்கு ஒருதரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே மேடேறினார்கள்.

விடுதியை எட்டியபோது மணி ஐந்தரை. பகல் ஒரு மணிக்கே வந்து குளித்து, குட்டித் தூக்கமும் போட்டுவிட்ட மற்ற நடைப்பயணிகள் கைதட்டினார்கள். தேடிப் பார்க்க ஆள் அனுப்பலாமா என்று யோசித்ததாக விடுதிக்காரம்மா சொன்னாள்.

டிரில் மாஸ்டருக்கு எதுவும் காதில் விழவில்லை. பின்பக்கம் ஓடி மருமகளைக் கூப்பிட்டார்.

"அம்மாடி, அப்பாவைப் பத்திரமா கொண்டாந்து சேர்த்துட்டேன். நெஞ்சு ஒண்ணும் பண்ணலை. இப்பதான் எனக்கே மூச்சு வருது."

கொடியில் காய்ந்த போர்வைக்கு அந்தப் பக்கம் இன்னொரு குரல் கேட்டது.

"மாப்பிள்ளை, நீங்க சொன்னபடியே உங்கப்பாவை முழுசா கொண்டுவந்துட்டேன். பாவம், அந்த இருதயத்தை வச்சுக்கிட்டு என் பையை வேற தூக்க வர்றார். மூச்சு வாங்குதுன்னு நான் நடிச்சு உட்கார வைக்கலைன்னா..."

போர்வை மெல்ல விலகியது.

"யார் இருதயம்?" என்றார் டிரில் மாஸ்டர்.

"உங்களுதுதான்" என்றார் கடிகாரக்காரர். "உங்களுக்குத்தான் சரியில்லையாமே."

விஷயம் விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. கடிகாரக்காரர் தொழில் புத்தியோடு இருவர் நாடியையும் பிடித்துப் பார்த்து, ஒரு செகண்டுகூடப் பிசகில்லை என்று தீர்ப்புச் சொன்னார். டிரில் மாஸ்டர் கண்ணில் நீர் வரச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

சிரிப்பு அடங்கியதும் ரோஷம் வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு, பெரியவர்களிடம் இப்படியா புளுகுவது என்று கேட்டார்.

மருமகள்தான் பேசினாள்.

"மெதுவா நடங்கன்னு முதல் நாளே சொன்னோமே மாமா, ரெண்டு பேர்ல யார் கேட்டீங்க? தனக்கு நோவுன்னா நீங்க உட்கார மாட்டீங்க. அடுத்தவருக்கு நோவுன்னா உட்காருவீங்க. அதான், ஆளுக்கொரு நோவு கொடுத்தோம்."