ஸ்டார்ட் வராத சீதனம்

காரின் கதவைத் திறந்ததுமே, திருத்த வந்த கிறிஸ்ரோபருக்குக் குமட்டியது.

பிறேக் மிதியடியில் காய்ந்துபோன வெற்றிலைத் துப்பல். அதன்மேல் எறும்பு. அதற்குள்தான் தலையைக் கொடுத்து, மல்லாக்கப் படுத்து வயர் பார்க்க வேண்டும்.

துப்பியவர் பக்கத்திலேயே நின்றார். தம்பிராசா, வீட்டுக்காரர். குரோட்டன் செடிக்கு இன்னொரு தரம் துப்பிவிட்டு, விரலைக் கார் சீற்றில் துடைத்தார்.

“உந்த ஓட்டைச் சாமானைத் தந்து எங்களைப் பேய்க்காட்டிப்போட்டினம், தம்பி. சரிவராதெண்டு ஒருக்காச் சொல்லிவிடும். மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்.”

மிச்சம் என்னவென்று படலையில் வைத்தே சொல்லித் தீர்த்துவிட்டார். கார் மருமகள் தர்சிகாவின் சீதனம். செத்துப்போன தகப்பன் ஓடிய பழைய டீசல் கார். கல்யாணம் முடிந்து நாலு மாதம். மூன்று கிழமையாகக் கார் ஸ்டார்ட் வரவில்லை. இன்றைக்கும் வராவிட்டால் பின்னேர பஸ்ஸில் அவளைத் தொண்டைமானாற்றுக்கு, தாய் வீட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். புதுக் கார் வந்த பிறகுதான் அவள் திரும்பி இந்த மானிப்பாய் வீட்டுப் படியேறலாம்.

வாசலில் அவளுடைய பயணப் பைகூடத் தயாராக இருந்தது. பக்கத்தில் ஒரு சோடிச் செருப்பு, படலையைப் பார்த்தபடி.

மாப்பிள்ளை கோபிசங்கர் விறாந்தைக் கதிரையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கைத்தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்தான். முப்பது வயது ஆம்பிளை. பெண்சாதியின் பையை வெளியே வைத்திருக்கிறார்கள், இவனுக்கு வீடியோ கேட்கிறது.

இந்த வீட்டில் ஒரு மிடறு தண்ணிகூடக் குடிப்பதில்லை என்று கிறிஸ்ரோபர் முடிவெடுத்தான்.

மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே சரிந்து, சாவித்துவாரத்தில் தொங்கிய திறப்பைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மீற்றருக்குப் பக்கத்தில் சிவப்பு லைட் விட்டு விட்டு மினுங்கியது.

இம்மொபிலைசர். திறப்பின் தலைக்குள் நெல்மணி அளவில் ஒரு சிப் இருக்கும். அது கிட்ட இருக்கிறதென்று தெரிந்தால்தான் கார் பம்புக்கு டீசலை விடும். கள்ளனுக்காகப் போட்ட பூட்டு.

திறப்பின் தலையைப் பிளந்து பார்த்தான். சிப் இருக்கவேண்டிய குழி வெறுமையாக இருந்தது. ஓரத்தில் ஊசியால் கிண்டிய கீறல். தானாக விழுந்ததல்ல, யாரோ பக்குவமாக எடுத்திருக்கிறார்கள்.

கிறிஸ்ரோபர் நிமிர்ந்து தம்பிராசாவின் சிவந்த பற்களைப் பார்த்தான்.

அடப்பாவி மனுசா.

புதுக் காருக்கு ஆசைப்பட்டு, இருந்த காரைத் தானே முடமாக்கிவிட்டு, பழியை ஒரு பெட்டையின் தலையில் போடுகிறான். கிறிஸ்ரோபர் குருநகரில், மீன்பிடிக் கரையில் பிறந்தவன். மூன்று நாள் மிதந்து அழுகிய திருக்கையை வெறுங்கையால் தூக்கியிருக்கிறான். அந்த மணத்தைச் சகித்துவிடலாம்.

பையில் புதுச் சிப் ஒன்று வைத்திருந்தான். காரோடு சேர்த்துப் பழக்க ஒரு மணித்தியாலம் போதும். கூலியே வேண்டாம். இதை உறும வைத்து, மனுசனின் வாயை அடைத்துவிட்டுத்தான் போவது. அந்தப் பிள்ளை பையைத் திருப்பி உள்ளே கொண்டுபோகட்டும்.

அதற்கு முதல் பம்புக்குக் கறண்ட் போகிறதா என்று பார்க்க வேண்டும். சிப் இல்லாத அந்தத் திறப்பையே பொருத்தி மறுபடி காரில் போட்டுவிட்டு, பொனற்றைத் திறந்தான். தம்பிராசாவை உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், போனார். தர்சிகா தேத்தண்ணியோடு வந்தாள். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை.

“தங்கச்சி, உந்தத் திறப்பை ஒருக்காத் திருப்புங்கோ.”

வலது கையில் தேத்தண்ணி. கார்க் கண்ணாடி இறக்கியிருந்தது. தயங்கித் தயங்கி இடது கையை உள்ளே விட்டுத் திருப்பினாள்.

எஞ்சின் பிடித்தது.

இழுப்பில்லை, உதறலில்லை. நேற்றுத்தான் ஓடிய கார் மாதிரி.

அவள் பதறிப்போய் உடனே நிறுத்தினாள். தேத்தண்ணி பாதி கொட்டுண்டது.

கிறிஸ்ரோபர் சுற்றி வந்தான். அவளுடைய சட்டைக்கை மேலேறியிருந்தது. மணிக்கட்டில் கோயில் நூல். நூலில் திருநீறு முடிந்த சின்ன மஞ்சள் துணி. துணிக்குள் நெல்மணி போல ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. சிப் கிட்ட வந்தாலே கார் பிடித்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நூலுக்கு மேலே, முழங்கை மட்டும், விரல் அழுந்திய கண்டல்கள். சில பழையவை. சில நேற்றையவை.

“நானாப் போனா அம்மா திருப்பிக் கொண்டந்து விட்டிடுவா, அண்ணை. இவையளா அனுப்பினாத்தான்…” சட்டைக்கையை இழுத்து மூடினாள். “இன்னொரு கார் வாங்க எங்களிட்டை வழியும் இல்லை.”

கிறிஸ்ரோபர் வாசலைப் பார்த்தான். அந்தப் பையை யாரும் தூக்கி வெளியே வைக்கவில்லை. அவளே அடுக்கி, அவளே கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

“என்ன, ஸ்டார்ட் வந்திட்டுதோ?” தம்பிராசா ஓடி வந்தார். முகத்தில் பயம்.

கிறிஸ்ரோபர் பொனற்றைச் சாத்தினான்.

“கடைசியா ஒருக்கா இழுத்துப் பாத்தது, ஐயா. இனி ஆரைக் கொண்டந்து காட்டினாலும் சரிவராது.”

தம்பிராசாவின் முகம் விரிந்தது. கடைவாயால் சாறு வழிய, பஸ் எத்தனை மணிக்கு என்று விறாந்தையைப் பார்த்துக் கத்தினார். அந்தச் சந்தோசத்தைப் பார்க்க அருவருப்பாகத்தான் இருந்தது.

தர்சிகாவின் கையில் தேத்தண்ணி பாதிதான் மிஞ்சியிருந்தது. கிறிஸ்ரோபர் அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.