கரடியாரின் புதிய துப்பாக்கி

பழைய துப்பாக்கி கோணல் என்று தூக்கியெறிந்த கரடியார், கடையில் அரைநாள் ஆராய்ந்து, தொலைநோக்கி பொருத்திய புதிய துப்பாக்கியொன்றைத் தேர்ந்தெடுத்து வந்தார். இலக்குப் பலகைக்கு அருகிலிருந்த புளியமரத்தில் அடைகாத்துக்கொண்டிருந்த காகம் கலங்கியது.

"பலகையண்ணா, இதன் குண்டாவது உங்கள்மேல் படுமா?"

"தொலைநோக்கியைப் பார்த்தாயா, தங்கச்சி? இன்றோடு என் கதை முடிந்தது."

"முந்தைய துப்பாக்கிக்கும் இதையேதான் சொன்னீர்கள். உங்கள்மேல் ஒரு கீறல்கூட இல்லையே!"

கரடியார் சுட்டார். காகத்தின் கூட்டுக்கு அடுத்த கிளை முறிந்து விழுந்தது.

"இதுவும் கோணல்," என்று கூறிய கரடியார், வேறொன்றைத் தேர்ந்தெடுக்கக் கடைக்குப் புறப்பட்டார்.

அவர் திரும்புவதற்குள், காகம் தன் கூட்டை முட்டைகளோடு பலகையின் உச்சிக்கு மாற்றிக்கொண்டது.