ஐந்தாவது ஆடு

“அண்ணே, புலி மறுபடியும் ஆட்டை வெட்டாம விட்டுருச்சு!” என்றார் அலீம், கோரிப்பாளையம் கம்ப்யூட்டர் சென்டருக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்.

முத்திருளன் திரையை முறைத்தார். ஆடுபுலி ஆட்டம். ஐந்து ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி. நாலு வரை சுளுவாக வெட்டும் புலி, ஐந்தாவது ஆடு வாய்க்கு நேராக வந்தாலும் தொடாது.

ஆட்டின் புரோகிராமை அவர் ஒரு கம்ப்யூட்டருக்காக எழுதியிருந்தார். புலியினுடையது இன்னொருவர் வேறு வகைக் கம்ப்யூட்டருக்காக எழுதியது. ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. அந்தப் பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டும் பழுதாகிவிட்டதால், புது கம்ப்யூட்டரையே அந்த இரண்டாகவும் நடிக்க வைக்க ஆறு மாதமாகப் பாடுபடுகிறார்.

“நான் சொல்லிக்குடுத்த நடிப்புலதான் கோளாறு.”

“இம்புட்டு யோசனை எதுக்குண்ணே? புலியை எழுதுன ஆளுக்கு ஒரு போன் போடுங்க.”

முத்திருளன் புலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி ஓடவிட்டார். புலி ஐந்தாவது ஆட்டைப் பார்த்தது. வெட்டலாம் என்று சரியாகவே கணக்கிட்டது. அடுத்த கட்டளை, ‘வெட்டாதே’ என்றது. நடிப்பில் கோளாறே இல்லை.

“வேணும்னே தோத்திருக்காங்க! யாருண்ணே அது?”

“எம் மக. ஞாயித்துக்கிழமையானா ஆடுவோம். ‘உம் புலிக்குப் பல்லு இல்லையா தாயி’ன்னு கேலி பண்ணுவேன். சிரிச்சுக்கிட்டே இருப்பா.”

“‘நீ பிடிபட்டுட்டே’ன்னு இப்பவே போன்ல சொல்லுங்க!”

“அவ தவறிப்போயி ஏழு மாசமாச்சு அலீம்.”

அலீம் திரையைக் காட்டிக் கேட்டார். “அந்தக் கட்டளையை எடுத்துரவாண்ணே?”

“வேணாம்” என்று அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினார்.

அன்றும் முத்திருளன்தான் ஜெயித்தார்.