கத்துகிறவர் சொந்தக்காரர்

அணைத்துவிட்டாள்.

ஒரே ஒரு சொடுக்கு. திரையில் பச்சையாக இருந்த புள்ளி சாம்பல் நிறத்துக்குப் போனது.

இனி காத்திருக்க வேண்டியதுதான்.

யாருடையது என்று தெரியாத மெஷினை அணைத்துவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது அவர்கள் தொழிலில் வழக்கம். கத்துகிறவர் சொந்தக்காரர். வெள்ளிக்கிழமை வரை யாரும் கத்தாவிட்டால் அழித்துவிடலாம்.

கையால் தொடக்கூடிய மெஷின் இல்லை. எங்கோ இருக்கும் பெரிய சர்வருக்குள் தனித்தனிக் கணினிகளாகப் பிரித்து வைத்த இடங்கள். ஒன்றை உருவாக்க ஒரு நிமிடம் போதும். அப்புறம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்படித்தான் ஓடியது.

ஒரு மெஷின் போட்டுக் கொடும்மா என்று மேலாளர் வைத்தீஸ்வரன் போகிற போக்கில் வாயால் சொல்லிவிட்டுப் போவார். பக்கத்து இருக்கை பர்வீன் தன் பேரிலேயே போட்டுக் கொடுப்பாள். எழுத்தில் தாருங்கள் என்று கேட்கத் தெரியாத பெண்.

பில் எகிறியது. மேலிடம் கேட்டது.

அவர் கூசாமல் பர்வீனைக் கை காட்டினார். அத்தனையும் அவள் பேரில்தானே இருந்தன. அன்று மாலையே அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

பார்த்துக்கொண்டிருந்த இவளுக்கு அன்று மூண்ட வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பர்வீன் போன பிறகும் பில் குறையவில்லை. வேண்டாததையெல்லாம் கழித்துக் கட்டும்படி மேலிடம் மறுபடி நெருக்கியது. அந்த வேலையை வைத்தீஸ்வரன் இவளிடம் கொடுத்தார். கத்துகிறவர்தான் சொந்தக்காரர் என்ற விதியையும் கூட்டத்தில் அவரே சிரித்துக்கொண்டு அறிவித்தார். தனக்கும் ஒன்று ஓடிக்கொண்டிருப்பது மனிதருக்கு மறந்தே போயிருந்தது. இலவசமாக வந்த பொருளை யார்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

பர்வீன் பேரில் இருந்த அந்த ஒன்றை இவள் திறந்து பார்த்தாள். உள்ளே அவருடைய மைத்துனரின் டிராவல்ஸ் கம்பெனி. வேன் புக்கிங் முழுக்க ஆபீஸ் செலவில் நடந்துகொண்டிருந்தது.

மறுநாளே அணைத்திருக்கலாம்.

கார்த்திகை பிறக்கட்டும் என்று பொறுத்திருந்தாள். மாலை போட்டவர்கள் எல்லாம் சபரிமலைக்கு வேன் தேடும் மாதம்.

இன்று பிறந்தது.

மதியத்துக்குள் கண்ணாடி அறையில் அவருடைய போன் ஓயாமல் அடிக்கத் தொடங்கியது. எடுத்தார். எழுந்தார். உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அவளுக்கு இனித்தது. அதை மறைக்கவும் அவள் மெனக்கெடவில்லை.

பர்வீனைப் போனில் அழைத்தாள். எதுவும் பேசாதே, லைனிலேயே இரு என்று மட்டும் சொல்லி, போனைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது.

வந்தவர் குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, காலையில் அணைத்த அந்த மெஷினை மறுபடி போட்டுவிட முடியுமா என்று கேட்டார்.

அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"தாராளமாப் போட்டுடலாம் சார். அது யாரோடதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

திரைகளுக்கு மேல் ஒவ்வொரு தலையாக உயர்ந்தது.

அவருடைய சட்டைப் பையில் போன் மறுபடி அதிர்ந்தது.

கீபோர்டுக்குப் பக்கத்தில் பர்வீன் லைனில் காத்திருந்தாள்.

அவர் வாயைத் திறந்தார்.