மனை நடுவே ஒரு கதவு

செண்பகராமன் கட்டப்போகும் வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தது வாசற்கதவுதான். கல், மணல், கம்பி, கதவு எல்லாவற்றையும் ஒரே கம்பெனி ஒரே திட்டத்தில் அனுப்பும் என்றார்கள். வந்தவர்கள் வெறும் மனையின் நடுவில் கதவை நிலையோடு நட்டுப் பூட்டி, சொன்ன தேதிக்கு வேலை முடிந்ததாகக் கையெழுத்தும் வாங்கிப் போனார்கள். தைக்குள் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். இருபத்திரண்டு நாள் போனில் கத்திய பிறகு இன்றுதான் செங்கல் லாரி வந்தது. டிரைவர் இறங்கி வந்து கதவை மூன்று முறை தட்டினார்.

"அண்ணே, நான் இங்கதான் நிக்கறேன்," என்றார் செண்பகராமன், கதவுக்குப் பக்கத்திலிருந்து.

"தெரியுது சார். கதவைத் திறந்து நீங்க நிக்கற மாதிரி போட்டோ எடுத்தாத்தான் லோடு இறங்கும். இல்லேன்னா வீடு பூட்டியிருக்குன்னு திருப்பிக் கொண்டுபோயிடணும்."

"சாவியே இன்னும் குடுக்கலையேய்யா!"

டிரைவர் செல்போனைத் தடவிப் பார்த்தார். "இந்த லோடுலதான் வருது சார். செங்கலுக்கு அடியில."

செண்பகராமன் கதவைச் சுற்றிக்கொண்டு உள்பக்கம் போய் நின்று, இரண்டு கையாலும் படபடவென்று தட்டினார்.

"யாரு?" என்றார் டிரைவர்.